முதலில் கேள்வி, கடைசியில் தராசு: விடுதி மாணவர்களின் எடை எண்ணத்தையும் சாப்பாட்டுப் பழக்கத்தையும் அளக்க முழு வழிகாட்டி

நர்சிங், ஊட்டச்சத்தியல், மனையியல், சமூகப்பணி படிப்பவர்கள் இறுதியாண்டு புராஜெக்டுக்கு அடிக்கடி எடுக்கும் தலைப்பு இது. தன் எடையைப் பற்றி ஒருவர் நினைப்பதும் தராசு காட்டுவதும் ஒத்துப்போகின்றனவா, அந்த நினைப்பு அவர் சாப்பிடும் விதத்தில் தெரிகிறதா என்பதே கேள்வி. பார்க்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் வேலையின் வரிசை மாறினால் மொத்தமும் வீண். ஒருவரைத் தராசில் ஏற்றி இறக்கிவிட்டு, "உங்க எடை எப்படி இருக்குன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டால், சற்றுமுன் பார்த்த எண்ணுக்குத்தான் அவர் பதில் சொல்வார்.

இங்கே 400 பேர் தங்கும் ஒரு கல்லூரி விடுதி, 18 முதல் 25 வயது வரை, என்று வைத்துக்கொண்டு படிப்படியாகப் போகலாம்.

1. முன்கூட்டியே சேகரிக்க வேண்டியவை

100 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று. உயரம் பார்க்க ஸ்டேடியோமீட்டர். கிடைக்காவிட்டால் சுவரில் மாட்டி இழுக்கும் 2 மீட்டர் அளவுகோல். நீளாத இடுப்பு டேப் ஒன்று (தையற்கடைத் துணி டேப் நாளாக நாளாக நீண்டுவிடும்). சமையலறைத் தராசு, மில்லிலிட்டர் குறியிட்ட ஜாடி, மறைப்புத் திரை, மாற்று பேட்டரி.

தராசு புதிதாக இருந்தாலும் சோதித்துப் பாருங்கள். மளிகைக் கடையிலிருந்து முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கற்கள் மூன்றை வாங்கிவந்து, 20, 40, 60 என்று ஏற்றிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும் இதைச் செய்து நோட்டில் குறித்துவையுங்கள். 20-ல் சரியாகக் காட்டி 60-ல் தவறும் தராசும் உண்டு. அதனால் ஒரே ஒரு கல்லை வைத்துப் பார்த்துத் திருப்தியடையக் கூடாது.

2. அனுமதி, வயது, எத்தனை பேர்

நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் கைக்கு வரும் முன் ஒரு படிவத்தைக்கூட நிரப்பாதீர்கள். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது நடக்காது. சேர்த்த தரவு முழுவதையும் தூக்கிப்போட வேண்டிவரும். முதலாண்டு மாணவர்களில் 17 வயதுக்காரர்கள் இருப்பார்கள். அவர்களைச் சேர்க்கப் பெற்றோரின் ஒப்புதலும் தேவை என்பதால், 18 நிறைந்தவர்கள் மட்டும் என்று எல்லை வைப்பது நடைமுறைக்கு எளிது.

ஒப்புதல் படிவத்தின் தலைப்பில் "உடல் பருமன் ஆய்வு" என்று போடாதீர்கள். படித்தவுடனே "நான் பருமனா?" என்ற யோசனை ஓட ஆரம்பித்துவிடும். "விடுதி மாணவர்களின் உடல்நலமும் உணவும்" என்றால் போதும். அதே சமயம், கடைசியில் உயரமும் எடையும் பார்ப்போம் என்பதை மறைக்கவும் கூடாது. தெரிந்ததும் சிலர் முந்தின நாளே எங்காவது எடை பார்த்துக்கொள்வார்கள். அதற்கு "கடைசியாக எடை பார்த்தது எப்போது?" என்ற கேள்வியைச் சேர்த்துவிடுங்கள், பகுப்பாய்வில் கைகொடுக்கும்.

எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு இது. எதிர்பார்க்கும் விகிதம் தெரியாதபோது 50 சதவீதம் என்றும், 95 சதவீத நம்பிக்கை அளவில் பிழை எல்லை 7 சதவீதம் என்றும் வைத்தால் 196 வரும். மொத்தமே 400 பேர்தான் என்பதால் திருத்தம் செய்தால் 132. பாதியில் விலகுபவர்களுக்காகப் பத்து சதவீதம் ஒதுக்கினால் 147 பேரை அணுக வேண்டும்.

அந்த 147 பேரை விடுதிப் பதிவேட்டிலிருந்து தற்போக்கு எண் மூலம் (குலுக்கல் போல) எடுங்கள். மெஸ் வாசலில் நின்று பிடித்தால், மெஸ்ஸுக்கே வராதவர்கள் விட்டுப்போவார்கள். சாப்பாட்டைத் தவிர்ப்பவர்களைத் தேடும் ஆய்வில் அவர்களே இல்லாமல் போவது பெரிய ஓட்டை.

வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பி முடித்துவிடலாமே என்று தோன்றும். உயரத்தையும் எடையையும் அவரவரே சொல்லும்போது உயரம் கூடுதலாகவும் எடை குறைவாகவும் வருவது வழக்கம். அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று இருக்கிறது. நினைப்பு, எடை இரண்டுமே ஒரே ஆளின் தலைக்குள்ளிருந்து வந்தால், எதை எதோடு ஒப்பிடுவீர்கள்?

3. எல்லைக்கோட்டை முன்பே எழுதி வையுங்கள்

பி.எம்.ஐ. என்பது கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது. 54.6 கிலோ, 158.2 செ.மீ. என்றால் 21.8. இதில் யாருக்கும் குழப்பமில்லை. எந்த எல்லையை வைத்து "சரி", "அதிகம்" என்று பிரிப்பது என்பதில்தான் சண்டையே.

உலக சுகாதார நிறுவனத்தின் பொது வகைப்பாட்டில் 18.5 முதல் 24.9 வரை இயல்பு; 25 முதல் கூடுதல் எடை; 30 முதல் பருமன். ஆசிய மக்களுக்கு 23-ஐயும் 27.5-ஐயும் கவனிக்க வேண்டிய புள்ளிகளாக அந்நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-ல் சேர்த்தது. இந்தியாவில் மருத்துவர்கள் பெரும்பாலும் 23 முதல் கூடுதல் எடை, 25 முதல் பருமன் என்று கொள்கிறார்கள்.

பி.எம்.ஐ. 24 உள்ள ஒரு மாணவி "என் எடை சரிதான்" என்கிறார் என்று வையுங்கள். பொது வகைப்பாட்டின்படி அவர் சொன்னது சரி. ஆசிய எல்லையின்படி அவர் தன் எடையைக் "குறைத்து மதிப்பிடுபவர்". ஆள் மாறவில்லை, பதில் மாறவில்லை. முடிவு மட்டும் தலைகீழ். அதனால் எல்லையைத் தரவு சேர்க்கும் முன்பே திட்ட அறிக்கையில் எழுதி வைத்துவிட வேண்டும். தரவைப் பார்த்துவிட்டு, சுவாரசியமான முடிவு வரும் எல்லையைத் தேர்ந்தெடுப்பது கிட்டத்தட்ட ஏமாற்று. 23-க்கும் 25-க்கும் இடையில் உள்ளவர்களைத் தனி வரிசையாகக் காட்டிவிடுவதுதான் நியாயம். 23 என்றொரு எண் இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

4. எடை எண்ணத்தைக் கேட்பது

படிவத்தில் பெயர், வயது, துறைக்கு அடுத்து வர வேண்டிய பகுதி இது. சாப்பாட்டுக் கேள்விகள் முன்னால் வந்தால், நேற்று தின்ற பரோட்டாவை நினைத்துக்கொண்டே "கொஞ்சம் அதிகம்" என்று டிக் அடிப்பார்கள்.

முதன்மைக் கேள்வி இப்படி இருக்கட்டும்: "உங்கள் உயரத்துக்கு உங்கள் எடை எப்படி இருப்பதாக நினைக்கிறீர்கள்?" பதில்கள் ஐந்து: மிகக் குறைவு, கொஞ்சம் குறைவு, சரியான அளவு, கொஞ்சம் அதிகம், மிக அதிகம். "உயரத்துக்கு" என்ற சொல் விட்டுப்போனால், தோழியோடு ஒப்பிட்டுப் பதில் சொல்வார்கள்.

பேச்சு வழக்கு நன்றாகப் புரியும் என்று நினைத்து "ஒல்லி", "பூசினாப்ல", "குண்டு" என்று போடுபவர்கள் நிறைய. இந்தச் சொற்களில் எடையோடு மதிப்பீடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "குண்டு" கேலிச் சொல். அப்படி இருப்பவர்கூட டிக் அடிக்கத் தயங்குவார். "பூசினாப்ல" பாராட்டு, பி.எம்.ஐ. 22-ம் அதற்குள் அடங்கும், 26-ம் அடங்கும். "ஒல்லி" என்றால் பையனுக்கு உறுத்தும், பெண்ணுக்குச் சில இடங்களில் இனிக்கும். ஒரே சொல் இருபாலருக்கும் ஒரே பொருள் தராதபோது அதை அளவுகோலாக வைக்க முடியாது.

அடுத்து ஊகக் கேள்விகள்: உங்கள் எடை எத்தனை கிலோ இருக்கும்? உயரம் எவ்வளவு? எத்தனை கிலோ இருந்தால் நல்லது என்று நினைக்கிறீர்கள்? இப்போது எடையைக் குறைக்க, கூட்ட, அப்படியே வைத்துக்கொள்ள, எதுவும் செய்யாமலிருக்க, இவற்றில் எதில் இருக்கிறீர்கள்?

பிறகு உருவப் படங்கள். ஸ்டங்கார்டும் சக ஆய்வாளர்களும் 1983-ல் வெளியிட்ட, மெலிந்ததிலிருந்து பருத்தது வரையான ஒன்பது உருவங்கள்தான் பரவலாகப் பயன்படுகின்றன. "இப்போது நீங்கள் எது போல இருக்கிறீர்கள்?" என்பதை முதலில் கேளுங்கள். தாளைத் திருப்பி வைத்துவிட்டு, இன்னொரு தாளில் "எது போல இருக்க விரும்புகிறீர்கள்?" என்று கேளுங்கள். ஒரே தாளில் இரண்டையும் கேட்டால், முதல் குறிக்குப் பக்கத்துப் படத்தில் இரண்டாவது குறி தானாகப் போய் விழும்.

ஊர் வாய் பற்றியும் ஒரு கேள்வி வையுங்கள்: கடந்த ஒரு மாதத்தில் உங்கள் உடம்பைப் பற்றி யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள்? விடுமுறைக்குப் போனதும் "என்னப்பா, இப்படி இளைச்சுட்டே" என்று கேட்கும் வீடும், "வெயிட் போட்டுட்டே" என்று சிரிக்கும் அறைத்தோழரும் ஒரே ஆளை எதிரெதிர்ப் பக்கம் இழுக்கிறார்கள். இதை இரண்டு வரி எழுத இடம் விட்டால் போதும்; கட்டம் போட்டு அடைக்க வேண்டாம்.

5. சாப்பாட்டைக் கேட்பது

பேட்டி தொடங்குவதற்கு முந்தின வாரமே மெஸ் சமையலறைக்குப் போய்விடுங்கள். பரிமாறுபவர் வழக்கமாக எடுக்கும் விதத்திலேயே ஒரு கரண்டிச் சாதத்தை ஐந்து முறை எடுக்கச் சொல்லி, நிறுத்து, சராசரி எடுங்கள். சாம்பார்க் கரண்டியில் தண்ணீர் நிரப்பி ஜாடியில் அளக்கலாம். பத்து இட்லியை ஒன்றாக நிறுத்துப் பத்தால் வகுத்தால் ஒரு இட்லியின் எடை. டீ டம்ளரையும் விடாதீர்கள். இதைச் செய்யாமல் புத்தகத்திலுள்ள "ஒரு கப்" அளவைப் போட்டால் கணக்கு கண்டபடி போகும்.

இனி 24 மணி நேர நினைவுப் பேட்டி. அதில் "காலை டிபன் என்ன சாப்பிட்டீங்க?" என்று தொடங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. டிபன் சாப்பிட்டே ஆகவேண்டும் என்ற தொனி அதில் இருக்கிறது. எதிரில் இருப்பவர் மெஸ் பலகையில் எழுதியிருந்த பொங்கலைச் சொல்லிவிடுவார். மாறாக இப்படிப் போகலாம்:

"நேத்து எழுந்ததும் முதல்ல வாயில என்ன பட்டுச்சு?"

"ஒரு டீ, அக்கா."

"அதோட?"

"ஒண்ணுமில்ல... ரெண்டு பிஸ்கட்."

"அதுக்கப்புறம்?"

"கிளாஸ்ல பசிச்சுது. பதினொரு மணிக்குக் கேன்டீன்ல ஒரு பப்ஸ்."

பொங்கல் அவர் நாக்கிலேயே படவில்லை. மணியை வைத்து நகருங்கள், வேளையின் பெயரை வைத்து நகராதீர்கள்.

முதல் சுற்றில் குறுக்கிடாமல் பட்டியல் மட்டும் எடுங்கள். இரண்டாம் சுற்றில் மறந்துபோகிறவை: டீ, காபி, ஜூஸ், மிக்சர், சாக்லேட், தோழி பிறந்தநாள் கேக், இரவு அறையில் கிண்டிய நூடுல்ஸ். மூன்றாம் சுற்றில் நேரமும் இடமும். நான்காவதில் அளவு, இங்கேதான் அந்தக் கரண்டிக் கணக்கு வருகிறது. கடைசியில் முழுவதையும் வாசித்துக்காட்டி "வேற ஏதாவது?" என்று ஒரு தடவை கேளுங்கள். ஒரு நாள் போதாது. அடுத்தடுத்து வராத இரண்டு நாள் வேண்டும்; அதில் ஒன்று வார இறுதி. ஞாயிறு சிக்கன் நாளை மட்டும் பிடித்துவிட்டு விடுதியில் புரதம் தாராளம் என்று எழுதியவர்கள் உண்டு.

வேளையைத் தவிர்ப்பதற்கு "அடிக்கடி", "எப்போதாவது" என்று கேட்காதீர்கள். "கடந்த 7 நாளில் எத்தனை நாள் காலையில் 10 மணிக்குள் எதுவும் சாப்பிடவில்லை?" என்று எண்ணாகக் கேளுங்கள். டீ பிஸ்கட் மட்டும் சாப்பிட்ட நாளைத் தனிக் குறியீடாக வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தையும் கேட்க வேண்டும்: நேரமில்லை, பசியில்லை, மெஸ் பிடிக்கவில்லை, காசில்லை, எடை குறைக்க, விரதம். விடுதியில் காலை உணவைத் தவிர்ப்பவர்களில் எட்டு மணி வரை தூங்கியவர்களும் இருப்பார்கள். அவர்களையெல்லாம் "எடை குறைக்கப் பட்டினி" என்ற கணக்கில் சேர்த்தால் உங்கள் முடிவு பொய்.

புரட்டாசிச் சனி, ரமலான் நோன்பு, கார்த்திகையில் மாலை போட்டிருக்கும் காலம், இவற்றில் களப்பணி வைக்காதீர்கள். தேர்வு வாரமும் தீபாவளி முடிந்து பலகாரப் பையோடு திரும்பும் வாரமும் அப்படியே.

உணவுப் பன்மையைப் பார்க்க, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் பத்து உணவுக்குழுக் கணக்கு எளிது. முந்தின நாளில் ஐந்து குழுவாவது தொட்டிருக்க வேண்டும். 15 முதல் 49 வயதுப் பெண்களுக்காக உருவான அளவுகோல் இது. ஆண்களுக்கும் எண்ணிக் காட்டலாம், ஆனால் அந்த "ஐந்து" எல்லையை அவர்கள் மேல் ஏற்ற வேண்டாம். இதில் புதியவர்கள் வழுக்கும் இடம் காய்கறி. உருளைக்கிழங்குப் பொரியலும் வாழைக்காய் வறுவலும் சோற்றோடு சேர்ந்து மாவுச்சத்துக் குழுவில்தான் விழும். தாளித்த கறிவேப்பிலையும் ரசத்தில் மிதக்கும் கொத்தமல்லியும் கீரை ஆகாது. ஒரு குழு கணக்கில் வர 15 கிராமாவது சாப்பிட்டிருக்க வேண்டும். முருங்கைக்கீரை கீரைக் குழு. முருங்கைக்காய் மற்றக் காய்கறி. கேரட்டும் பழுத்த மாம்பழமும் வைட்டமின் ஏ குழு.

6. எடைக்காகச் செய்பவை

கடந்த 30 நாளில் எடைக்காக என்னென்ன செய்தார்கள் என்பதைத் தனித்தனி ஆம்/இல்லையாகக் கேளுங்கள்: வேளை தவிர்த்தல், சோற்றை மட்டும் விடுதல், தேன் எலுமிச்சைத் தண்ணீர், கிரீன் டீ, புரதப் பவுடர், எடை கூட்டும் பவுடர், ஜிம், பேதி மாத்திரை, சாப்பிட்டபின் வாந்தி எடுத்தல். "டயட்ல இருக்கீங்களா?" என்ற ஒற்றைக் கேள்வி எதற்கும் உதவாது, ஒருவருக்கு டயட் என்றால் சப்பாத்தி, இன்னொருவருக்கு முழுப் பட்டினி.

உணவுக் கோளாறு பற்றிய வினாநிரல் வேண்டுமென்றால் ஈட்-26 அல்லது ஸ்கோஃப். ஈட்-26-ல் 20-ம் அதற்கு மேலும் வந்தால் மேல்பரிசோதனை தேவை. அதில் புதுப்புதுச் செறிவான உணவுகளை ருசிக்கப் பிடிக்கும் என்ற ஒரு வரிக்கு மட்டும் மதிப்பெண் தலைகீழ். அதை மறந்து கூட்டுவது மிகச் சாதாரணம். ஸ்கோஃப் ஐந்தே கேள்வி, இரண்டுக்கு "ஆம்" வந்தால் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் உருவானதால் எடை இழப்பு "ஒரு ஸ்டோன்" என்று வரும். தமிழில் "மூன்று மாதத்தில் சுமார் 6 கிலோவுக்கு மேல்" என்று மாற்றுங்கள். இரண்டுமே சல்லடைகள்தான். இவற்றை வைத்து யாருக்கும் நோயின் பெயர் சூட்ட முடியாது.

தமிழாக்கத்தை வேறொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். பிறகு பத்துப் பதினைந்து பேரிடம் முன்னோட்டம். அவர்களை இறுதிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

7. அளக்கும் வேலை

படிவம் முழுவதையும் வாங்கி உறையில் போட்ட பிறகே அளக்கும் அறைக்கு அனுப்புங்கள். எண்ணைத் தெரிந்துகொண்டு "அக்கா, அந்த ஒரு கேள்வியை மாத்திக்கிறேன்" என்று யாராவது வருவார்கள். கொடுக்காதீர்கள்.

அளவுகோல் மாட்டும் சுவரின் அடியில் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் இருந்தால் குதிகால் சுவரைத் தொடாது. தூண் அல்லது கதவு நிலை தேடுங்கள். செருப்பைக் கழற்றி, குதிகால், பிட்டம், தோள்பட்டை பின்னால் படும்படி நிற்க வேண்டும். கண்ணின் கீழ் விளிம்பும் காதுத் துளையின் மேல் விளிம்பும் ஒரே மட்டத்தில். பெண்களுக்குக் கொண்டை, கிளிப், மல்லிகைச் சரம் எல்லாம் உச்சியிலிருந்து விலகியிருக்கட்டும். பூவின் மேல் பலகை உட்கார்ந்தால் ஒரு செ.மீ. கூடிவிடும்.

ஒரு செ.மீ. என்ன பெரிதா? 57 கிலோ உள்ளவருக்கு உயரம் 158 என்றால் பி.எம்.ஐ. 22.8, இயல்பு. 157 என்றால் 23.1, ஆசிய எல்லையின்படி கூடுதல் எடை. பூச்சரம் ஒரு ஆளை வகை மாற்றிவிடும். காலையைவிட மாலையில் உயரமே சுமார் ஒரு செ.மீ. குறையும் என்பதால் எல்லோரையும் ஒரே பொழுதில் அளங்கள். இரண்டு முறை எடுத்து, அரை செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் மூன்றாவது முறை.

தராசைக் கட்டாந்தரையில் வையுங்கள். பாய், விரிப்பு, ஆடும் டைல்ஸ் ஆகாது. செல்போன், சாவிக்கொத்து, பவர் பேங்க், பெல்ட் வெளியே. ஜீன்ஸுக்கு ஒரு கிலோ என்று உத்தேசமாகக் கழிக்காதீர்கள். மெல்லிய உடையில் வரச்சொல்லி முந்தின நாளே தகவல் கொடுப்பது நல்லது. தராசின் திரைக்கு முதுகு காட்டி நிற்கச் செய்யுங்கள். எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பார்ப்பவரே எழுத வேண்டும். ஒருவர் பார்த்துக் கத்த இன்னொருவர் எழுதும் முறை வேகமானதுதான், ஆனால் "எழுபத்தெட்டு" என்ற சத்தம் வரிசையில் நிற்பவர்கள் காதில் விழுந்தால் பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள்.

இடுப்புச் சுற்றளவைத் திரைக்குப் பின்னால், அதே பாலினத்தவர் எடுக்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப். மூச்சை இயல்பாக விட்டு முடிக்கும்போது படிக்கவும். தொப்புள் மட்டத்தில் எடுப்பது வேறு அளவு. தெற்காசியருக்கு எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. ஜிம்முக்குப் போகும் பையன்களின் பி.எம்.ஐ. 26 என்று வந்தால், அது தசையா கொழுப்பா என்ற குழப்பத்தை இந்த அளவுதான் தீர்க்கும்.

8. கணக்கு

எண்ணத்தை மூன்றாகச் சுருக்கி (குறைவு, சரி, அதிகம்) பி.எம்.ஐ. வகையோடு கட்டம் போடுங்கள். மூலைவிட்டத்தில் விழுபவர்கள் சரியாக மதிப்பிட்டவர்கள். மேலே விழுபவர்களையும் கீழே விழுபவர்களையும் "தவறாக நினைப்பவர்கள்" என்று ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். இயல்பு எடையில் இருந்துகொண்டு அதிகம் என்பவரும், 27-ல் இருந்துகொண்டு சரி என்பவரும் வெவ்வேறு ஆட்கள். சாப்பிடும் விதமும் வேறு.

ஒத்துப்போகும் சதவீதம் மட்டும் போதாது. நூற்றில் 80 பேர் இயல்பு எடை, 80 பேர் "சரி" என்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 64 பேர் அந்த ஒரு கட்டத்தில் பொருந்திவிடுவார்கள். அதனால் தற்செயலாகப் பொருந்துவதைக் கழித்துவிட்டு ஒற்றுமையைக் காட்டும் எடையிட்ட கப்பா (weighted kappa) மதிப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.

உருவப் படத்தில் இன்னொரு பொறி. "இப்போது" கழித்தல் "விரும்புவது" என்று சராசரி எடுத்தால், இளைக்க விரும்புவோரின் கூட்டல் எண்ணும் உடம்பேற்ற விரும்புவோரின் கழித்தல் எண்ணும் ஒன்றையொன்று அடித்து, சராசரி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். பையன்கள் எல்லோரும் திருப்தியாக இருக்கிறார்கள் என்று எழுதிவிடுவீர்கள். இளைக்க விரும்புவோர், ஏற விரும்புவோர், அப்படியே இருப்போர் என்று மூன்று எண்ணிக்கையாகக் காட்டுங்கள், ஆண் பெண் தனித்தனியாக.

ஒரே சமயத்தில் எடுத்த தரவு இது. எடை எண்ணத்தால்தான் காலை உணவைத் தவிர்க்கிறார்கள் என்று எழுத இடமில்லை. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதோடு நிறுத்துங்கள்.

9. அவரவருக்குச் சொல்ல வேண்டியது

எண்ணை அறிய விரும்புபவருக்கு மட்டும், தனியாக, மடித்த சீட்டில் கொடுங்கள். வேண்டாம் என்பவருக்குத் திணிக்காதீர்கள். "கொஞ்சம் குறைச்சா நல்லாயிருக்கும்" என்ற அறிவுரை உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது; அளக்க வந்தவருக்கு அந்த வேலை இல்லை.

பி.எம்.ஐ. 16-க்குக் கீழ், சாப்பிட்டபின் வாந்தி எடுத்தல், மயக்கம், மூன்று மாதமாக மாதவிடாய் வராமை, வினாநிரலில் எல்லையைத் தாண்டிய மதிப்பெண், இவற்றில் ஒன்றாவது இருந்தால் அன்றே தனியாக அழைத்துப் பேசி, கல்லூரி மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ சேர்ப்பியுங்கள். யாரிடம் அனுப்புவது என்பதை முதல் நாளுக்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ ஒவ்வொரு சீட்டின் பின்புறமும் அச்சடித்துவிடுங்கள். எல்லோர் சீட்டிலும் இருந்தால் யாரையும் தனித்துக் காட்டாது. அந்த மாணவர் ஒப்புக்கொள்ளாமல் வார்டனிடமோ வீட்டிலோ சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. அந்த விதிவிலக்கும் ஒப்புதல் படிவத்தில் முதலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பெயரும் குறியீட்டு எண்ணும் சேர்ந்திருக்கும் பட்டியல் ஒரே ஒரு பிரதி, வழிகாட்டி ஆசிரியரின் பூட்டிய அலமாரியில். வாட்ஸ்அப் குழுவில் அதைப் படம்பிடித்துப் போடாதீர்கள், அவசரத்துக்குக்கூட.